புள்ளி வைத்த இடங்கள்

எனக்கும் என் தோழிக்கும் சண்டை வராத நாளில் எட்டேகால் பஸ் ராஜபாளையம் போய்ச் சேராது என்று கண்டக்டரே சொல்வார். நாங்கள் இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருக்கிறோம். ராஜபாளையத்தில் ஒரே கல்லூரியில் வேலை பார்க்கிறோம். அவள் தமிழ்த் துறை. நான் பெயருக்கு ஆங்கிலத் துறை. படித்ததும் பித்துப் பிடித்துத் திரிவதும் மொழியியல். ஒரே வயது, ஒரே சீட், பத்து வருடமாக ஒரே சண்டை. வன்னியம்பட்டி விலக்கு வருவதற்குள் யாராவது ஒருத்தி ஆரம்பித்துவிடுவோம். முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா ஒருநாள் இறங்கும்போது, "சொத்துத் தகராறுன்னா கோர்ட்டு ஸ்ரீவில்லிபுத்தூர்லயே இருக்கேம்மா, எதுக்கு இப்படி பஸ்ல கெடந்து மல்லுக்கட்டுதீக?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சொத்துத் தகராறெல்லாம் இல்லை. மொழியை எப்படிப் படிப்பது என்கிற தகராறு.

நான் படித்தது பேச்சை. மூச்சு வாயில் எங்கே தடைபடுகிறது, நாக்கு எங்கே தொடுகிறது, இரண்டு மொழி தெரிந்தவர் எந்த இடத்தில் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவுகிறார், அந்தத் தாவலில் எல்லாருக்கும் பொதுவான ஒழுங்கு இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. யார் பேசினார் என்பது எனக்குப் பெரிய விஷயமில்லை. என் குறிப்பேட்டில் அவர்கள் 'பேச்சாளர் ஒன்று', 'பேச்சாளர் இரண்டு'. அவள் படிப்பது ஏட்டை. அதைப் பிலாலஜி என்பார்கள். தமிழில் மொழிநூல், சுவடியியல், பதிப்பு என்று பல பெயர் உண்டு. எந்தப் பெயரிலும் அது முழுசாக அடங்காது. ஒரு பிரதி கையில் கிடைத்தால் போதும், இதை யார் எழுதினார், எதைப் பார்த்து எழுதினார், எந்த இடத்தில் கை சோர்ந்தது, எந்த இடத்தைப் பூச்சி தின்றது என்று கேட்டுக்கொண்டே நாள் கணக்கில் உட்கார்ந்துவிடுவாள். தோசை எப்படி வார்ப்பது என்று கேட்பவள் நான். இந்தத் தோசையை யார், யாருக்காக வார்த்தது என்று கேட்பவள் அவள். பஸ்ஸுக்குள் எங்கள் படிப்புகளுக்கு வேறு பெயர் வைத்திருந்தோம். என்னுடையது நாக்குப் படிப்பு, அவளுடையது ஏட்டுப் படிப்பு.

"ஒன் படிப்புல செத்தவங்க மட்டும்தாம்ட்டி பாஸாக முடியும்," என்பேன்.

"ஒன் படிப்புல ஆளே கெடையாது, வெறும் வாயி மட்டும்தான் இருக்கு," என்பாள். என் வாயைப் பற்றியும் சேர்த்துத்தான் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

சண்டைக்கு எண்ணெய் ஊற்றியது ஒரு மாட்டு வைத்தியச் சுவடி. சோழபுரத்தில் காடுகரை உள்ள ஒரு சம்சாரி வீட்டுப் பரணில் கிடந்தது. பத்திரமாகப் பார்த்துக்கொள்வாள் என்று நம்பி அவளிடம் கொடுத்திருந்தார்கள். மூன்று வருடமாக அதைப் படி எடுத்துக்கொண்டிருந்தாள். பென்சிலால்தான் எழுதுவாள். ஏட்டில் பிழை இருந்தால் பிழையாகவே எழுதிவிட்டு, தன் கருத்தைக் கீழே சின்னதாகக் குறிப்பாள். பூச்சி தின்ற இடத்தை அளந்து பார்த்து, எத்தனை எழுத்து போயிருக்கும் என்று கணக்கிட்டு, அத்தனை புள்ளி வைப்பாள்.

"இங்க மிளகுன்னு போட்டா சரியா வருதே, போட்டுற வேண்டியதுதான?" என்று ஒருநாள் கேட்டேன்.

அவ்வளவுதான், அவள் முகம் மாறிவிட்டது. "புள்ளிய நிரப்புற உரிமை எழுதுன ஆளுக்கு மட்டுந்தான் உண்டு. அவரு எந்திரிச்சு வந்து சொல்லட்டும், நிரப்புதேன்."

"வருவாரு வருவாரு, எட்டேகால் பஸ்ஸப் பிடிச்சு வருவாரு."

அந்த ஏட்டில் ஒரு வேடிக்கையும் இருந்தது. மருந்துக்கு நடுவே, சம்பந்தமே இல்லாமல், மழை வருகிறது, கன்றை அவிழ்த்துக் கட்ட வேண்டும் என்று ஒரு வரி. எழுதிக்கொண்டிருந்தவர் எழுந்து போகிற அவசரத்தில் அதையும் எழுதிவைத்திருக்கிறார். இதை வெட்டிவிடு என்றேன். "அம்புட்டு ஏட்டுலயும் இந்த ஒரு வரியிலதாம்ட்டி அந்த ஆளு இருக்காரு," என்றாள். நான் சிரித்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

அந்தச் சமயத்தில்தான் நான் தையல்கார அக்காவைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். கல்லூரிக்கு இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. வீட்டிலேயே மெஷின் போட்டு நைட்டி தைத்துக் கொடுப்பவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். எனக்கு இதைவிட நல்ல பேச்சாளர் எங்கே கிடைப்பார்? கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே மகன் ராணுவத்தில், வடக்கே ஏதோ மலையில். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அவனுக்குச் சிக்னல் கிடைக்கும். அப்போது அம்மாவைக் கூப்பிடுவான்.

நான் போனதும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில்தான். என் வேலை முறை எளிது. பட்டியலில் இருக்கும் சொல்லை நான் கேட்பேன். அக்கா அதைத் தெலுங்கில் இரண்டு தடவை, தமிழில் இரண்டு தடவை சொல்ல வேண்டும். தண்ணீர், கண், வீடு, நேற்று, நாளை. நடுவில் மெஷின் ஓடும், குக்கர் விசிலடிக்கும், பால்காரர் வருவார், மகன் போன் பண்ணுவான். எங்கள் பாஷையில் அதற்கெல்லாம் ஒரே பெயர், இரைச்சல். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுச் சொற்களை மட்டும் நறுக்கி நறுக்கி எடுத்து வைத்துக்கொண்டேன். மீதியை அழித்தேன். பேசுபவரின் சொந்த விஷயங்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்று எங்கள் படிப்பில் ஒரு நெறி உண்டு; அதன்படிதான் நடக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், ஹார்டு டிஸ்க்கில் இடம் இல்லை, எனக்குப் பொறுமையும் இல்லை. மடச்சி! இரண்டு மொழிக்காரர் எப்படித் தாவித் தாவிப் பேசுகிறார் என்று பார்க்கப் போனவள், அவர் நிஜமாகவே தாவித் தாவிப் பேசிய போன் பேச்சைத்தான் இரைச்சல் என்று குப்பையில் போட்டிருக்கிறேன். இந்தத் தப்பைச் செய்ய ஒருத்தி மொழியியலில் பட்டம் வாங்கியிருக்க வேண்டும்.

அழிப்பதற்கு முன்னால் ஒன்று செய்திருந்தேன். அவளுக்கும் தெலுங்கு தெரியும் என்பதால், நான் எழுதி வைத்த சொற்களைச் சரிபார்க்கச் சொல்லி, மொத்தப் பதிவையும் ஒரு பென் டிரைவில் போட்டுத் தோழியிடம் கொடுத்தேன். கோடை விடுமுறை முழுக்கக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சரிபார்த்த பட்டியலைக் கொடுத்தபோது, "வேல முடிஞ்சிருச்சுல்ல, நீயும் அழிச்சிரு," என்றேன். தலையை ஒரு மாதிரியாக ஆட்டினாள். அவள் தலையாட்டலுக்கு அர்த்தம் கேட்கிற பழக்கம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

அடுத்த வருடம் அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டே இருந்தது. கஷாயம், மாத்திரை என்று நாள் போய், கடைசியில் மதுரையில் காட்டியபோது குரல்வளையில் கட்டி என்று தெரிந்தது. ஆள் பிழைக்க வேண்டுமானால் குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். ஆள் பிழைத்தார். அந்த டாக்டர்களின் கை நன்றாக இருக்கட்டும். இப்போது அவருக்கு மூச்சு, கழுத்தில் இருக்கும் ஒரு சின்னத் துளை வழியாகப் போகிறது, வருகிறது. குரல் மட்டும் கிடையாது.

எனக்கு இது தெரிந்ததே நாலு மாதம் கழித்துத்தான். அக்காவின் கணவர் கல்லூரி வாசலில் ஆட்டோவை நிறுத்திக்கொண்டு காத்திருந்தார்.

"டீச்சர், செத்த நேரம் வீட்டுக்கு வந்துட்டுப் போங்க. அவ ஒங்களப் பாக்கணுங்கா."

வழியில் எல்லாவற்றையும் சொன்னார். ஆபரேஷனுக்கு மகன் லீவில் வந்து கூடவே இருந்துவிட்டுப் போயிருக்கிறான். ஆஸ்பத்திரியில் ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். டார்ச் லைட் அளவு இருக்கும். கழுத்தில் அழுத்தினால் ஒரு ரீங்காரம் வரும், வாயை அசைத்து அதைப் பேச்சாக்கிக்கொள்ள வேண்டும். அக்கா ஒரே ஒரு நாள் முயன்று பார்த்திருக்கிறார். அந்தச் சத்தத்தைக் கேட்டு அழுதுவிட்டு, கருவியை நூல்கண்டுப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டார். மகன் போன் பண்ணினால் எடுப்பதே இல்லை. அம்மா தூங்குகிறாள், குளிக்கிறாள் என்று இவர்தான் ஒவ்வொரு ஞாயிறும் பொய் சொல்கிறார்.

"அவனுக்குத் தெரியாதா டீச்சர்? தெரியும். ஒண்ணும் கேக்க மாட்டான். ஆனா போனையும் வைக்க மாட்டேங்கான். சும்மா லைன்லயே இருக்கான்."

அக்கா என்னைப் பார்த்ததும் சிரித்தார். துணி வெட்டும் அட்டையை எடுத்து, தையல் சாக்பீஸால் எழுதினார். 'என் குரல் உங்ககிட்ட இருக்குல்ல. கேக்கணும்.'

சொற்கள் மட்டும்தான் மிச்சம் என்று சொல்லத் துணியாமல், இருக்கிறது என்று தலையாட்டினேன். மறுநாள் மடிக்கணினியைக் கொண்டுபோய், இருந்ததைப் போட்டேன். தண்ணீர், தண்ணீர். கண், கண். வீடு, வீடு. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குப் பதில் சொல்கிற பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. பத்துச் சொல்தான் கேட்டிருப்பார். போதும் என்று கையைக் காட்டினார். சாக்பீஸை எடுத்து, 'இது நான் இல்ல டீச்சர்' என்று எழுதினார். கோபமாக எழுதவில்லை. எனக்கு ஆறுதல் சொல்வதுபோல என் கையைத் தட்டிக் கொடுத்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

மறுநாள் பஸ்ஸில் நான் வாயே திறக்கவில்லை. வன்னியம்பட்டி தாண்டியதும் கண்டக்டர், "என்னக்கா, இன்னைக்குச் சண்டைக்கு லீவா?" என்று கேட்டார். அவ்வளவுதான், எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. டிக்கெட் மிஷினைப் பிடித்துக்கொண்டு மனிதர் பேயறைந்த மாதிரி நின்றார். தோழியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டாள். பொறவு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஏட்டி, அழாத. நான் அழிக்கல."

அவளைக் கட்டிப்பிடிப்பதா, நாலு சாத்துச் சாத்துவதா என்று தெரியவில்லை. "அழிக்கச் சொன்னேன்ல!" என்று கத்தினேன். அழிக்காமல் வைத்திருந்தவளை அந்த நேரத்திலும் திட்டினேன் பாருங்கள், அதுதான் நான்.

"தப்புதான். ஒருத்தங்க சொந்தப் பேச்ச அவங்களக் கேக்காம வச்சிருந்தது தப்புதான். அவங்ககிட்டயே சொல்லி மன்னிப்பு கேட்டுக்கிடுதேன். ஆனா மூலத்த அழிக்க எனக்குக் கை வரலட்டி."

பென் டிரைவ் அவள் வீட்டில் ஒரு பால்கோவா டப்பாவுக்குள் இருந்தது. மேலே தேதியும் இடமும் எழுதிய துண்டுச் சீட்டு. கூடவே ஒரு நீள நோட்டு. அதைப் பிரித்தேன். அந்தக் கோடை விடுமுறையில் அவள் என் பட்டியலை மட்டும் சரிபார்க்கவில்லை. சுவடியைப் படி எடுப்பதுபோல, அக்கா வீட்டுக் காலை முழுவதையும் பென்சிலால் படி எடுத்திருக்கிறாள். 'இங்கே குக்கர் விசில், மூன்று.' 'இங்கே இருமல்.' 'டீச்சர் காபியை உறிஞ்சுகிறார், சத்தமாக.' இதை எழுதாமல் விட்டிருக்கலாம். அப்புறம், 'இங்கே போன் அடிக்கிறது. மகன்.' அதற்குக் கீழே பக்கம் பக்கமாகப் பேச்சு. போன் அக்காவின் காதில் இருந்ததால் மகன் பேசியது பதிவில் இல்லை. அந்த இடங்களில் எல்லாம் புள்ளிகள். ஏட்டில் எழுத்துக்கு ஒரு புள்ளி வைப்பவள், இங்கே மூச்சுக்கு ஒரு புள்ளி வைத்திருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் இருவரும் அக்கா வீட்டுக்குப் போனோம். மெஷின் சத்தத்தை மட்டும் நான் இரண்டு நாள் உட்கார்ந்து குறைத்து வைத்திருந்தேன். அழிக்கவில்லை, குறைத்தேன். தோழி முதலில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, கேட்காமல் வைத்திருந்ததற்கு மன்னிப்பு கேட்டாள். அக்கா அவள் கன்னத்தைக் கிள்ளினார்.

போட்டேன். போன் அடித்தது. அக்காவின் குரல் அந்த அறைக்குள் வந்தது.

"தின்டிவா?" சாப்பிட்டாயா என்பதற்கு அவர்கள் வீட்டுத் தெலுங்கு அது. கொஞ்ச நேரம் அமைதி. "பொய் சொல்லாத." மறுபடி அமைதி. ஒரு சிரிப்பு. "ஏலே, சப்பாத்தி ஒரு சாப்பாடாலே?" அமைதி. "டீச்சர் வந்துருக்காக. ஒரு வார்த்தையவே நாலு தடவ சொல்லச் சொல்லுதாக. பாவம், காது கேக்காது போல."

அக்காவின் கணவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீரோடு. அக்கா சிரிக்கவில்லை. பதிவோடு சேர்ந்து அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஒரு சொல் பிந்தவில்லை.

"சரி, வச்சிரட்டா?" என்றது குரல். நீளமான அமைதி. பொறவு, "பேசுறதுக்கு என்னலே இருக்கு?" அதற்கு அப்புறம் மழை கொட்டுகிற மாதிரிப் பேச்சு. எதிர்வீட்டு நாய் குட்டி போட்டது, சப்பட்டை மாம்பழம் வந்துவிட்டது, பீரோச் சாவியை அப்பா தொலைத்தது. தெலுங்கில் கொஞ்சி, தமிழில் ஏசி, மறுபடி தெலுங்குக்குத் திரும்பி.

முடிந்ததும் அக்கா கையை நீட்டி நோட்டை வாங்கினார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். புள்ளிகளைக் காட்டி, இது என்ன என்று தோழியைப் பார்த்தார்.

"அது தம்பி பேசுனது, அக்கா. எங்களுக்குக் கேக்கல. அதான் புள்ளி வச்சேன்."

அக்கா பென்சிலைக் கேட்டார். தோழி கொடுத்தாள். சுவடிப் படியில் எவரையும் பென்சில் வைக்க விடாதவள். அக்கா முதல் புள்ளி வரிசையின் மேல், 'சாப்ட்டேன் சப்பாத்தி' என்று எழுதினார். அடுத்ததில், 'பொய் இல்ல, மூணு.' அவருக்கு அது அத்தனையும் ஞாபகம் இருந்தது. ஏன் இருக்காது? வாரத்துக்கு ஒரு தடவை கேட்கிற பேச்சு.

"எழுதுன ஆளே எந்திரிச்சு வந்துட்டாக," என்று தோழி என் காதில் சொன்னாள். இத்தனை வருடத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். பஸ்ஸில் அவளைக் கேலி செய்த ஒவ்வொரு நாளுக்கும் சேர்த்து அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் மட்டும் என்னைப் போல இருந்திருந்தால் அன்றைக்கு அந்த அறையில் தண்ணீர், கண், வீடு தவிர வேறு ஒன்றும் இருந்திருக்காது.

'சரி, வச்சிரட்டா' என்ற வரிக்குக் கீழே இருந்த நீளமான புள்ளி வரிசைக்கு வந்ததும் அக்காவின் பென்சில் நின்றது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பொறவு மெதுவாக எழுதினார். 'வைக்காதம்மா. நீ பாட்டுக்குப் பேசு. நான் சும்மா கேட்டுக்கிட்டு இருக்கேன்.'

எழுதியதை அவரே திரும்பப் படித்தார். எழுந்து போய் நூல்கண்டுப் பெட்டியைத் திறந்தார். கருவியை எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

ஆத்தாடி, அன்றைக்குத்தான் என் நாக்குப் படிப்பு ஒரு மனுஷிக்கு உதவியது! கல்லூரி விட்டதும் தினம் ஒரு மணி நேரம் அவர் வீட்டில் இருந்தேன். கழுத்தில் எந்த இடத்தில் வைத்தால் சத்தம் வாய்க்குள் நன்றாக ஏறுகிறது என்று தேடிக் கண்டுபிடித்தோம். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து உதட்டை எவ்வளவு திறக்க வேண்டும், நாக்கை எங்கே அழுத்த வேண்டும் என்று பழகினோம். தமிழ் சீக்கிரம் தெளிந்தது. தெலுங்கு கொஞ்சம் முரண்டு பிடித்தது, ஏனென்றால் அந்தக் கருவி எல்லா ஒலியையும் ஒன்றுபோலவே ரீங்கரிக்கும். தெலுங்குக்கோ பல்லில் வரும் 'ப' வேறு, பஸ்ஸில் வரும் 'ப' வேறு. அக்கா விடவில்லை. மகனிடம் முதலில் தெலுங்கில்தான் கேட்க வேண்டுமாம். ஒரு வார்த்தையை நாலு தடவை இல்லை, நாற்பது தடவை சொல்லிப் பார்த்தார். நடுவில் எனக்குக் காது கேட்காது என்று சைகை வேறு.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் நாலு பேரும் அந்த அறையில் இருந்தோம். போன் அடித்தது. அக்காவின் கணவர் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மெஷின் பலகை மேல் வைத்தார். "அப்பா," என்றான் மகன். அவர் பேசவில்லை. அக்கா கருவியைக் கழுத்தில் வைத்து அழுத்தினார். ஏற்றம் இறக்கம் எதுவும் இல்லாத அந்த ரீங்காரம் வந்தது. நாங்கள் தேடிப் பிடித்த இடம் தவறிப்போய், சொல் பாதியிலேயே உடைந்தது.

"தின்..."

"சாப்ட்டேம்மா!" என்று கத்தினான் அவன். "சாப்ட்டேன், சாப்ட்டேன், சப்பாத்தி, மூணு!"

கருவி மறுபடி அழுந்தியது. இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக வந்தது. "பொய் சொல்லாத."

அங்கே ஒருவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. அக்காவின் கணவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். என் கையில் என் போன் இருந்தது. நான் பதிவுப் பொத்தானைத் தொடவில்லை. தோழியின் மடியில் நோட்டு இருந்தது. அவள் பென்சிலை எடுக்கவில்லை. அக்கா பேசினார். விட்டு விட்டு, மூச்சு வாங்க வாங்க, நாய்க்குட்டிகள் பெரிசாகிவிட்டதைச் சொன்னார், டீச்சரைப் பற்றி ஏதோ கோள் சொன்னார். பத்து நிமிடத்தில் கை வலித்துவிட்டது. கருவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு கேட்டார்.

"சரி, வச்சிரட்டா?"

இப்போது எங்கள் நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி அவன் குரல் வந்தது.

"வைக்காதம்மா."

அக்கா வைக்கவில்லை.